ஆறாவது, ஏழாவது, எட்டாவது பசங்களுக்கு கோடை லீவுல என்ன படிக்கக் குடுக்கலாம்? (வியாசர்பாடி)

மொட்டைமாடி டியூஷன்:

எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடியில சாயங்கால டியூஷன் எடுக்குறேன். ஸ்கூல் நடக்குற வரைக்கும் ஹோம்வொர்க், டெஸ்ட்டுன்னு பொழுது ஓடிடும். பரீட்சை முடிஞ்சதும் அம்மாங்க எல்லாம் வாசல்ல நிக்கிறாங்க. "லீவுலயும் வெச்சுக்கோங்க மிஸ், வீட்ல இருந்தா போனைப் புடிச்சுட்டு படுத்துடுது." சரி, வரட்டும், ஆனா பாடம் கிடையாது, கதைப்புத்தகம் மட்டும்தான்னு சொல்லிட்டேன். யாரும் எதிர்த்துப் பேசல. ஃபீஸ் வேணாம்னு சொன்னதும் ஒரு காரணமா இருக்கலாம்.

பத்துப் பன்னெண்டு பசங்க. பாதிப் பேர் கார்ப்பரேஷன் ஸ்கூல், மீதிப் பேர் சின்னச் சின்ன மெட்ரிகுலேஷன். மே மாசத்துல எங்க மாடியில மத்தியானம் கால் வைக்க முடியாது. தண்ணி ஊத்தி ஆறவிட்டு அஞ்சரைக்கு மேல பாய் விரிப்போம். ஏழு மணிக்கு எதிர்வீட்டுல சீரியல் பாட்டு வந்துட்டா அதுக்கு மேல ஒரு வார்த்தை யார் காதுலயும் ஏறாது. ஆக, தினம் ஒன்றரை மணி நேரம் கையில இருக்கு.

இப்ப சிக்கலைச் சொல்றேன். எட்டாவது போற பையன் ஒருத்தன், நல்ல உயரம், மீசை அரும்பியாச்சு, எங்க ஏரியா கிரவுண்டுல ஃபுட்பால் ஆடுற பசங்கள்ல பேர் சொல்ற ஆளு. தமிழ்ல ஒரு பக்கம் குடுத்தா எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். அவனுக்கு ஏத்த மாதிரி பெரிய எழுத்துப் படப்புத்தகம் ஒண்ணு குடுத்தேன். அட்டையில முயல் படம். பக்கத்துல இருந்த ஆறாவது பொண்ணு களுக்குன்னு சிரிச்சா. "தண்ணி குடிச்சுட்டு வரேன் மிஸ்"ன்னு இறங்கினவன் அன்னைக்குத் திரும்பி வரல.

இன்னொரு பக்கம் ஏழாவது போற பொண்ணு. குடுக்குறதை எல்லாம் அன்னைக்கே முடிச்சுட்டு "அடுத்தது?"ன்னு நிக்கிறா. பஜ்ஜி மடிச்ச பேப்பரைக்கூட எண்ணெயோட பிரிச்சுப் படிக்கிற ரகம். அப்புறம் ஒரு இங்கிலீஷ் மீடியம் பையன். இங்கிலீஷை நிறுத்தாம கடகடன்னு வாசிப்பான், என்ன கதைன்னு கேட்டா தெரியாது. தமிழ்ல கதை சொன்னா கண்ணு விரியும், வாசிக்கச் சொன்னா 'ண'வா 'ன'வான்னு நிப்பான்.

இவங்களை ஒரே பாயில உட்கார வெச்சு என்ன படிக்கக் குடுக்கிறது? வகுப்புவாரியா லிஸ்ட் யார்கிட்டயாவது இருந்தா போடுங்க. நெட்ல தேடினா பெரிய ஸ்கூலுங்க போடுற இங்கிலீஷ் லிஸ்ட்தான் வருது. ஒரு புத்தகம் ஐந்நூறு ரூபா. அது நமக்கு ஆகாது.

லோகோ ஒர்க்ஸ்காரர்:

இதுல யோசிக்க என்ன இருக்கு சிஸ்டர்? பொன்னியின் செல்வன். அஞ்சு பாகம், லீவு முழுக்க வரும். படம் வந்ததுக்கு அப்புறம் எல்லாப் பசங்களுக்கும் வந்தியத்தேவன் யாருன்னு தெரியும். நாட்டுடைமை ஆன புத்தகம், அதனால மலிவுப் பதிப்பு நிறைய கிடைக்கும். நான் ஏழாவது லீவுல பெரம்பூர் குவார்ட்டர்ஸ் வேப்பமரத்தடியில உட்கார்ந்து படிச்சு முடிச்சேன். கூடவே தினம் பத்துக் குறள் மனப்பாடம். நாக்கு தன்னால திருந்தும்.

மொட்டைமாடி டியூஷன்:

சார், அந்த ஏழாவது பொண்ணுக்குக் கண்டிப்பா குடுக்குறேன், நன்றி. ஆனா எழுத்துக் கூட்டுற பையன்கிட்ட அஞ்சு பாகத்தைக் காட்டினா மாடிப்படி பக்கமே வரமாட்டான். குறள் மனப்பாடம் ஸ்கூல்லயே இருக்கு. லீவுலயும் அதுவான்னு என்னையே அடிப்பாங்க.

தேதிச்சீட்டு:

டீச்சரம்மா, நான் கிளை நூலகங்கள்ல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம்தான் அதிக காலம். லீவு நாள்ல ஃபேன் காத்துக்காக உள்ள வர்ற பசங்களை நிறையப் பார்த்திருக்கேன். வெளிய வெயில், வீட்டுல ஷீட் கூரை, எங்ககிட்ட மூணு ஃபேன். காத்து வாங்க வந்தவன் கையில எது ஒட்டும்னு கவனிக்கிறதே எனக்குப் பொழுதுபோக்கு. அதை வெச்சுச் சொல்றேன்.

முதல்ல அந்த வகுப்புவாரி லிஸ்ட்டை விட்டுடுங்க. எட்டாவதுங்கிறது வருகைப் பதிவேட்டுல இருக்குற நம்பர். பையன் வாசிக்கிற அளவு வேற. ஒரு புத்தகம் அவனுக்கு ஆகுமா ஆகாதான்னு பார்க்க ஒரு பக்கம் போதும். நடுவுல ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரிச்சு அவனே மனசுக்குள்ள படிக்கட்டும், தடுக்குற ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுறதுக்குள்ள அஞ்சு விரலும் மடங்கிட்டா அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேணாம், அவ்வளவுதான். யாரும் யார் விரலையும் எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லி வையுங்க.

இப்ப உங்க ஃபுட்பால்காரன். அவனுக்கு எளிய புத்தகம்தான் வேணும். ஆனா அந்த எளிய புத்தகத்தோட அவனை யாரும் பார்க்கக் கூடாது. ரெண்டும் ஒண்ணா நடக்க ஒரு வழி இருக்கு. உங்க தெருவுல ஒண்ணாவது ரெண்டாவது படிக்கிற வாண்டுங்க இருக்கும்ல, அவங்களை அஞ்சரைக்கு ஒரு கால் மணி நேரம் மாடிக்கு வரச்சொல்லுங்க. அவங்களுக்குக் கதை வாசிக்கிற அண்ணன் இவன்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. முந்தின நாளே புத்தகத்தை அவன்கிட்ட குடுத்து அனுப்புங்க. வீட்டுலயோ தண்ணி டேங்குக்குப் பின்னாடியோ நாலு தடவை தனியா வாசிச்சுப் பழகிட்டு வருவான். முயல் அட்டை போட்ட புத்தகம் அதுக்கப்புறம் அவனோட படிப்பு கிடையாது, பொறுப்பு. சிரிச்ச பொண்ணு இனிமே சிரிக்க முடியாது. ஒரே கதையை நாலஞ்சு தடவை வாசிக்கிறான் பாருங்க, சரளம் வர்றது அதுலதான். சும்மா "திரும்பப் படி"ன்னு சொன்னா எந்தப் பையன் படிப்பான்?

அதுக்கு என்ன புத்தகம்னா, அரசுப் பள்ளிகள்ல வாசிப்பு இயக்கம்னு 2023ல ஆரம்பிச்சாங்க. பதினாறு பக்கத்துக்குள்ள சின்னச் சின்னப் புத்தகம், நல்ல படங்கள். அதுக்கு வகுப்பு நம்பர் போடாம நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி வெச்சாங்க. யார் பேர் வெச்சாங்களோ, அவங்க பசங்க மனசு தெரிஞ்சவங்க. உங்க கார்ப்பரேஷன் ஸ்கூல் பசங்களோட டீச்சர்கிட்ட கேட்டா லீவுக்கு ஒரு கட்டு தருவாங்களான்னு பாருங்க. ஆறாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் தேன்சிட்டுன்னு ஒரு இதழும் பள்ளிக்கல்வித்துறை போட்டது. பழைய இதழ்கள் ஸ்கூல்ல எங்கயாவது கட்டிப் போட்டிருக்கும்.

இங்கிலீஷ் மீடியம் பையனுக்கு தூலிகா போடுற இருமொழிப் புத்தகம் பாருங்க. ஒரே பக்கத்துல தமிழும் இங்கிலீஷும் இருக்கும். நம்ம சென்னைப் பதிப்பகம்தான். காசு வேணாம்னா பிரதம் புக்ஸ் நடத்துற ஸ்டோரிவீவர் தளம் இருக்கு. அதே கதை தமிழ்லயும் கிடைக்கும், இங்கிலீஷ்லயும் கிடைக்கும், வாசிப்பு அளவு ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் பிரிச்சிருப்பாங்க. இலவசமா இறக்கி பிரிண்ட் எடுத்துக்கலாம். முதல்ல தமிழ்ல நீங்க வாசிச்சுக் காட்டுங்க, பிறகு அவன் இங்கிலீஷ்ல வாசிக்கட்டும். கதை தெரிஞ்சுட்டதால இந்தத் தடவை வார்த்தைக்கு அர்த்தம் தானா வந்து ஒட்டும். ரெண்டு மூணு கதைக்கு அப்புறம் வரிசையை மாத்துங்க.

ஏழாவது பொண்ணைப் பத்தி நீங்க கவலைப்படவே வேணாம். அவளுக்கு லிஸ்ட் வேணாம், நூலக அட்டைதான் வேணும். அவளே எடுக்கட்டும். கேட்டா மட்டும் சொல்லுங்க: டோட்டோ-சான், நேஷனல் புக் டிரஸ்ட் தமிழ்ல போட்டது, பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறையா வெச்ச டோக்கியோ பள்ளிக்கூடம் பத்தினது, எல்லாமே நடந்தது. உதயசங்கர் எழுதின ஆதனின் பொம்மை, கீழடியை வெச்ச சிறார் நாவல், 2023ல பால சாகித்ய புரஸ்கார் வாங்கினது. இரா.நடராசனோட ஆயிஷா ரொம்பச் சின்னப் புத்தகம், ஆனா முடிவு கனமானது. அதைத் தனியா குடுத்து அனுப்பாதீங்க. கூட உட்கார்ந்து வாசிச்சுட்டு அப்புறம் கொஞ்சம் பேசிட்டு அனுப்புங்க.

லோகோ ஒர்க்ஸ் சார் கோவிச்சுக்கக் கூடாது. பொன்னியின் செல்வனை அந்தப் பொண்ணுக்கு நானும் குடுப்பேன். ஆனா அது 1950ல இருந்து வாராவாரம் தொடரா வந்த கதை. அதை எழுதின விதமே ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு கொக்கியில மாட்டி நிறுத்துறது. அதனால மத்த பசங்களுக்கு அதைப் புத்தகமா குடுக்காம, கடைசி கால் மணி நேரம் டீச்சரம்மாவே சத்தமா வாசிக்கட்டும். கொக்கி வந்ததும் மூடிடுங்க. கெஞ்சினாலும் திறக்கக் கூடாது. தினத்தந்தி 1960ல இருந்து கன்னித்தீவை வெச்சு அதைத்தானே செய்யுது.

கடைசியா ஒண்ணு, இதுல நான் கறார். படிச்சு முடிச்சதும் "கதைச் சுருக்கம் எழுது", "இந்தக் கதையின் நீதி என்ன?" ரெண்டும் கிடையாது. நூலகத்துல ஒரு தடவை லீவு முகாம்னு சொல்லி, படிச்ச புத்தகத்துக்கெல்லாம் ரெண்டு பக்கம் எழுதினா பரிசுன்னு அறிவிச்சாங்க. மேல இருந்து வந்த யோசனை. பசங்க அலமாரியிலயே ஒல்லியான புத்தகமாத் தேடி எடுத்தாங்க, பின் அட்டையைப் பார்த்து எழுதினாங்க. பரிசு குடுத்து முடிச்ச மறுநாள் பெஞ்சு காலி. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில மூடவும் விடுங்க. நான் மூடுறேன், நீங்க மூடுறீங்க, அவன் மூடினா மட்டும் தப்பா?

ரெண்டு பிள்ளை அம்மா:

தேதிச்சீட்டு சார் சொல்றது கேட்க நல்லாருக்கு. என் பொண்ணு ஆறாவது, பையன் எட்டாவது, கொடுங்கையூர். நான் வெளிப்படையாவே கேட்குறேன். வகுத்தல் கணக்கே தடுமாறுது. இந்த நேரத்துல குழந்தைங்க புத்தகம், படக்கதை எல்லாம் படிச்சு என்ன ஆகப்போகுது? நாலு கணக்கு போட்டா ஜூன்ல உதவும். எங்க வீட்டுக்காரர் அதைத்தான் கேட்பார், நான் என்ன பதில் சொல்றது?

தேதிச்சீட்டு:

நியாயமான கேள்விம்மா. பையனோட எட்டாவது கணக்குப் புத்தகத்தை எடுத்து வார்த்தைக் கணக்கு ஒண்ணைப் பாருங்க. "ஒரு தொட்டியை ஒரு குழாய் இத்தனை மணியில் நிரப்பும், மற்றொரு குழாய்..."ன்னு மூணு வரி ஓடும். அந்த மூணு வரியை அவன் சத்தமா வாசிக்கட்டும். வாசிக்கும்போதே திணறினா அவனுக்கு வகுத்தல் மட்டும் பிரச்சனை இல்ல, கேள்வி என்ன கேட்குதுன்னே அவனுக்குப் போய்ச் சேரல. அறிவியலும் சமூக அறிவியலும் முழுக்க வாசிப்புதான். கணக்கு வேணாம்னு நான் சொல்லல. காலையில கணக்கு போடட்டும், சாயங்காலம் மாடிக்கு அனுப்புங்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட அந்த மூணு வரிக் கணக்கைக் காட்டுங்க, போதும்.

படக்கதைன்னு தள்ளாதீங்க. முத்து காமிக்ஸ் 1972ல வந்தது, லயன் 1984ல. எங்ககிட்ட அறுபது வயசு வாசகர் ஒருத்தர் தினமும் நாலு பேப்பர் படிப்பாரு, தலையங்கம் விடமாட்டாரு. இரும்புக்கை மாயாவிதான் எனக்கு எழுத்து கத்துக் குடுத்ததுன்னு சொல்லுவாரு. படம் பாதிக் கதையைச் சொல்லிடுறதால தடுக்குற வார்த்தையைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போயிடலாம். எழுத்துக் கூட்டுறவனுக்கு அந்தத் தாண்டல் பெரிய விஷயம்.

விசைப்படகு:

அக்கா, சார், நான் காசிமேடு. இப்ப காலேஜ் ரெண்டாவது வருஷம். ஆறாவது வரைக்கும் எனக்கும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். சார் சொன்ன அந்த வாசிக்கிற அண்ணன் மேட்டர் இருக்குல்ல, அது என் வீட்ல தானா நடந்துச்சு.

எங்க பக்கம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், 61 நாள். போட்டு கடலுக்குப் போவாது. அப்பா, மாமா, கூட போற ஆளுங்க எல்லாம் கரையிலதான், வலை பின்னுறது, போட்டுக்கு பெயின்ட் அடிக்கிறது. எங்க ஸ்கூல் லீவும் கரெக்டா அப்பதான் வரும். அப்பாவுக்கு கண்ணும் கையும் வலையில இருக்கும், "டேய், அந்தப் பேப்பரைப் படிச்சு சொல்றா"ம்பாரு. தந்திதான். நான் திக்கித் திக்கி படிப்பேன். எவனும் சிரிக்கல, ஏன்னா அவங்களுக்கு நியூஸ் தெரியணும். கன்னித்தீவுல நான் ஒரு வார்த்தையை முழுங்கினா "இன்னாடா சொன்ன, திருப்பிப் படி"ன்னு மாமா கத்துவாரு. படிப்பு வரணும்னு இல்ல, சிந்துபாத்துக்கு இன்னா ஆச்சுன்னு தெரியணும் அவருக்கு. ஜூன்ல ஸ்கூல் தொறந்தப்போ தமிழ் மிஸ் என்னை எழுப்பி படிக்க வெச்சுட்டு, நீதானாடான்னு ரெண்டு தடவை பார்த்தாங்க.

அதனால மீனவப் பசங்க, வேலைக்குப் போற வீட்டுப் பசங்க யாராவது இருந்தா, வீட்ல பெருசுங்களுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டச் சொல்லுங்க அக்கா. ஆயா இருந்தா இன்னும் நல்லது. ஆயாங்க நடுவுல எழுந்து போவ மாட்டாங்க.

இன்னொண்ணு. எங்க ஸ்கூல்ல கடல் பத்தி ஒரு புத்தகம் இருந்துச்சு. அதுல வஞ்சிரம்னு எழுதி, எங்க பக்கம் சீலான்னு சொல்ற வேற மீனோட படத்தைப் போட்டு வெச்சிருந்தாங்க. கிளாஸே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை. வேற எங்கெல்லாம் தப்பு இருக்குன்னு கண்டுபுடிக்கவே நாங்க அந்தப் புத்தகத்தை முழுசா படிச்சோம். பசங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயம் பத்தின புத்தகம் குடுங்க. தப்பு கண்டுபுடிக்கிற கிக்கு வேற லெவல்.

தேதிச்சீட்டு:

தம்பி, நீ சொன்ன தடைக்கால யோசனை எனக்குத் தோணவே தோணாது. பிரமாதம். அதே மாதிரி ஃபுட்பால்காரனுக்குப் பேப்பரோட விளையாட்டுப் பக்கத்தைக் குடுக்கலாம். ஆட்டத்தை முந்தின நாளே போன்ல பார்த்திருப்பான். யார் எத்தனை கோல்னு தெரிஞ்சே வாசிப்பான், அதனால ஊகிச்சு வாசிக்கிறது சுலபம்.

தெரிஞ்ச விஷயம்னு தம்பி சொன்னதும் ஞாபகம் வருது. பாடப்புத்தகத்துல வர்ற சரித்திரம் எப்பவும் வேற ஊர்லதான் நடக்கும். நம்ம பக்கத்துக்குக் கதைக்கா பஞ்சம்? 1856 ஜூலை 1ந் தேதி தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பினது ராயபுரம் ஸ்டேஷன்ல, வாலாஜா ரோடு வரைக்கும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்னு ஜெர்மன் கப்பல் வந்து துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனி டேங்குகளைச் சுட்டுக் கொளுத்திட்டுப் போச்சு. ஊரே மூட்டை கட்டிக்கிட்டு ஓடினது. ஹைகோர்ட் கிழக்குச் சுவர்ல அதுக்கு ஒரு கல்வெட்டே இருக்கு. பழைய வண்ணாரப்பேட்டை மாடிப்பூங்கா இருக்கே, அது இங்கிலீஷ்காரன், கோட்டைக்கு வெளிய நம்ம சனங்க குடியிருந்த கருப்பர் நகரத்தைச் சுத்திக் கட்டின மதில்ல மிச்சம் இருக்குற துண்டு. பசங்க அது மேல ஏறி விளையாடுறாங்க, என்னன்னு தெரியாது. இதெல்லாம் ஆறாவது பையன் வாசிக்கிற மாதிரி எழுதின புத்தகம் தேடி அலையாதீங்க டீச்சரம்மா. நீங்களே பெரிய எழுத்துல ஒரு பக்கம் எழுதுங்க. சின்ன வாக்கியம், தெருப் பேரோட. ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க. ஞாயித்துக்கிழமை மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில இறங்கினா மாடிப்பூங்காவை நேர்லயே காட்டிடலாம். அறிவியல்ல ஆர்வம் இருக்குற பசங்களுக்கு தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போடுற துளிர் இதழ் இருக்கு. சோதனையெல்லாம் வீட்டுச் சாமானை வெச்சே செய்யலாம்.

லோகோ ஒர்க்ஸ்காரர்:

கோவமெல்லாம் இல்ல சார். வாசிச்சுக் காட்டுறதுன்னா நானே வர்றேன். பழுவேட்டரையர் குரல்ல பேச எனக்கு வரும். டீச்சர், உங்க மாடியில சேர் இருக்கா? எனக்குக் கீழ உட்கார்ந்தா முட்டி மடங்காது.

மொட்டைமாடி டியூஷன்:

வாங்க சார், சேர் இருக்கு.

எல்லாருக்கும் சேர்த்து நடந்ததைச் சொல்லிடுறேன். ஃபுட்பால்காரன்கிட்ட வாண்டுகளுக்கு வாசிக்கணும்னு கேட்டேன். உடனே ஒத்துக்கல. "நான் எதுக்கு மிஸ்?" அப்புறம் "எந்தக் கதைன்னு நான்தான் செலக்ட் பண்ணுவேன்." சரின்னேன். ஸ்டோரிவீவர்ல இருந்து பிரிண்ட் எடுத்ததுல அவனே ஒண்ணு எடுத்தான். ரெண்டு நாள் கழிச்சு வாசிச்சான். தலையை நிமிர்த்தவே இல்ல, வேகமா வேற படிச்சான், நடுவுல ரெண்டு வரி விட்டுட்டான். ஆனா வாண்டுங்க அதைக் கண்டுக்கல. முதலை வர்ற இடத்துல ஒருத்தன் அவன் மடியில ஏறி உட்கார்ந்துட்டான். முடிஞ்சதும் "இன்னொரு வாட்டி"ன்னு கத்தினாங்க. இவன் என்னைப் பார்த்தான், நான் பஞ்சாயத்துக்குப் போகாம பாயை உதறுற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிட்டேன். ரெண்டாவது வாட்டி மெதுவா படிச்சான். விட்ட ரெண்டு வரியும் வந்துச்சு.

சிரிச்ச ஆறாவது பொண்ணு இப்ப தனக்கும் ஒரு நாள் வாசிக்க விடணும்னு சண்டை போடுறா. வரிசை போட்டுக் குடுத்திருக்கேன். இங்கிலீஷ் மீடியம் பையன் விஷயம் இன்னும் இழுபறிதான். தமிழ்ல நான் வாசிச்சதும் "அதான் தெரிஞ்சுடுச்சே"ன்னு இங்கிலீஷைத் தொட மாட்டேங்கிறான். கதையைப் பாதியில நிறுத்தி மீதியை இங்கிலீஷ்ல விட்டுப் பார்க்கலாம்னு இருக்கேன்.

சார்கிட்ட ரெண்டு கேள்வி. எங்க பக்கத்துக் கிளை நூலகத்துக்கு அந்த ஏழாவது பொண்ணைக் கூட்டிட்டுப் போனேன். வெள்ளிக்கிழமை, பூட்டியிருந்துச்சு. மறுபடி போனப்போ சிறுவர் புத்தகம் எல்லாம் பீரோவுக்குள்ள இருந்துச்சு, பீரோவுக்கும் பூட்டு. கேட்கத் தயக்கமா இருந்துச்சு, வந்துட்டேன். ரெண்டாவது, பசங்க பேர்ல புத்தகம் எடுத்து அது தொலைஞ்சா, நனைஞ்சா என்ன ஆகும்? அவங்க அம்மா அதுக்கு பயந்தே உறுப்பினர் ஆக வேணாங்கிறாங்க.

தேதிச்சீட்டு:

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை. சனி ஞாயிறுல திறந்து வைக்கிறதுக்காக அப்படி, ரெண்டாவது சனிக்கிழமையும் பார்த்துப் போங்க. பூட்டுக்கு என்ன தயக்கம்? "சிறுவர் பகுதியைக் கொஞ்சம் திறங்க சார்"னு கேளுங்க. பசங்க கிழிச்சுடுவாங்க, கணக்கெடுப்புல குறையும்னு பயந்து பூட்டுறது. நானும் அந்தச் சாவிக்கொத்தை இடுப்புல வெச்சிருந்த ஆள்தான், அதனால சொல்றேன், கேட்டா திறப்பாங்க. திறக்காட்டி அங்க வாசகர் வட்டம்னு ஒண்ணு இருக்கும், அதோட தலைவர் யாருன்னு கேளுங்க. நாம தயவு கேட்டு நிக்கல. 1948லயே மெட்ராஸ் மாகாணத்துல நூலகச் சட்டம் வந்தாச்சு. சீர்காழிக்காரர் ரங்கநாதன் அதுக்காக எத்தனை வருஷம் அலைஞ்சார். அதுல இருந்து வீட்டு வரியோட நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குறாங்க. வாடகை வீடா இருந்தாலும் அந்த வரி சுத்தி வளைச்சு உங்க வாடகையிலதான் இருக்கு.

அந்தப் பொண்ணு கிளை நூலகத்தைச் சீக்கிரம் தீர்த்துடுவா. அப்புறம் எழும்பூர் கன்னிமாராவுக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்கயும் சிறுவர் பகுதி உண்டு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல குழந்தைங்க பகுதி பெரிசு, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம், ஆனா போக வர நேரம் ஆகும், டிபன் கட்டிக்கிட்டுப் போங்க.

தொலைஞ்சா போலீஸ் எல்லாம் வராது. பொதுவா அதே புத்தகத்தை வாங்கிக் குடுக்கச் சொல்லுவாங்க, கிடைக்காட்டி விலையைக் கட்டணும். சிறுவர் புத்தகம் பெரும்பாலும் ஒல்லியானதுதான், விலை கையைக் கடிக்காது. சேரும்போது கட்டுற காப்புத்தொகையும் சின்னத் தொகைதான். அம்மாவுக்கு இன்னும் பயம்னா அட்டையை உங்க பேர்லயே எடுத்து, டியூஷன்ல ஒரு நோட்டு போட்டு நீங்களே இரவல் குடுங்க. நோட்டை எழுதுற வேலையை அந்தப் பொண்ணுகிட்டயே விட்டுடுங்க, கறாரா இருப்பா. மழைத்தண்ணியில நனைஞ்ச புத்தகத்தை வெயில்ல காய வைக்காதீங்க, பக்கம் எல்லாம் நெளிஞ்சுடும். பக்கத்துக்குப் பக்கம் பழைய பேப்பர் வெச்சு, ஃபேனுக்குக் கீழ நிமிர்த்தி வையுங்க, பேப்பர் ஈரமானதும் மாத்துங்க.

காப்புத்தொகை ரசீதை மட்டும் பத்திரமா வெச்சுக்கோங்க. அட்டையைத் திருப்பிக் குடுக்கும்போது அது இல்லாம காசு வராது.